மலைக்குக் கொண்டுபோன சுவிட்சுகள்

நாங்கள் செய்த சுவிட்ச் கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. அதை அமுக்க விரல் வேண்டாம், காற்றே போதும். சிலிக்கான் தகட்டின் பின்பக்கத்தைக் காரக் கரைசலில் வைத்து, மேலே தலைமுடியைவிட மெல்லிய ஒரு சவ்வு மட்டும் மிஞ்சும்வரை கரைத்தெடுப்போம். அதைக் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் வைத்துச் சூடாக்கி மின்னழுத்தம் கொடுத்தால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். நடுவில் காற்றில்லாத சின்னக் குழி. தரையில் இருக்கும்போது வெளிக்காற்று சவ்வை உள்ளே தள்ளி, கண்ணாடி மேல் பூசிய தங்கப் பட்டையில் தொட வைக்கும், மின்சாரம் ஓடும். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், சவ்வு பின்வாங்கும், மின்சாரம் நின்றுவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் அணையும்படி பலவற்றைச் செய்து வானிலை பலூனில் கட்டி அனுப்பினால், எந்த உயரத்தில் எது அணைந்தது என்று தரையில் இருந்தே தெரிந்துகொள்ளலாம். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நானும் இன்னொருத்தியும் சேர்ந்து இந்த வேலையைச் செய்தோம்.

அவள் எனக்கு ஒரு வயது மூத்தவள். நான் சேர்ந்த முதல் வாரம், தூசி போகாமலிருக்க முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு உள்ளே வேலை செய்துகொண்டிருந்தபோது, கண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருந்த அவள் யாரிடமோ "இன்னா இது, சூடு ஜாஸ்தியா வெச்சுக்கினு இருக்கீங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சு. அந்த இடத்தில் அதைக் கேட்டதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெளியே வந்ததும் எந்த ஊர் என்று கேட்டேன். சங்கராபுரம் பக்கம் என்று ஒரு சிற்றூரின் பெயரைச் சொன்னாள். நான் நைனார்பாளையம் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். எங்கள் ஊர்களில் இந்தக் கேள்விக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அவள் என்னைப் பார்த்து, "காலனி" என்றாள். சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். நான் வேறு எதையோ பேச ஆரம்பித்தேன்.

அன்றிலிருந்து நான் அவளை நீ என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை நீங்க என்று கூப்பிட்டாள். வயதில் மூத்தவள் அவள் என்பது தெரிந்த பிறகும் அப்படியே தொடர்ந்தது. அது எப்படி அமைந்தது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

எங்களுக்குப் பெரிய தொல்லை ஒட்டிக்கொள்வது. சவ்வின் அடியிலும் தங்கம் பூசியிருந்தோம், தங்கமும் தங்கமும் தொட்டால் விடாது. அழுத்தம் குறைந்த பிறகும் சவ்வு பட்டையிலேயே படுத்துக்கிடக்கும். மாதக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினோம். தங்கத்தைக் கெட்டிப்படுத்திப் பார்த்தோம், வேறு உலோகம் கலந்து பார்த்தோம். கடைசியில் அவள்தான், பட்டை முழுக்கத் தொட வேண்டிய அவசியம் என்ன, நடுவில் ஒரு சின்ன மேடு வைத்தால் அதன் உச்சி மட்டும் தொடுமே என்றாள். தொடும் பரப்பு குறைந்தால் பிடிப்பும் குறையும். செய்து பார்த்தோம். முதல் தகட்டிலேயே பாதிக்கு மேல் ஒழுங்காகத் திறந்து மூடின. எங்கள் பேராசிரியர் நுண்ணோக்கியில் அந்த மேட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு இருவருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்து, காற்றழுத்தத்தைக் குறைத்துச் சோதிக்கும் பெட்டியின் பம்ப் பழுதாகிவிட்டது. உதிரிப்பாகம் வர நாளாகும் என்றார்கள். அதற்குள் ஏதாவது மலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்து வாருங்கள் என்றார் பேராசிரியர். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கல்வராயன் மலை இருக்கிறது என்று நான் சொன்னேன். வெள்ளிமலை சுகாதார நிலையத்தில் என்னோடு பள்ளியில் படித்தவள் நர்ஸாக இருந்தாள். அவளுடைய குவார்ட்டர்ஸில் தங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் சாதி மக்களுக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஊருக்கு ஊர் கூட்டம். மலையடிவாரத்தில் கரும்பு வைத்திருந்த என் தாய்மாமா அதில் முன்னால் நின்றவர். பெண்ணை எதற்கு மெட்ராஸுக்கு அனுப்புவது என்று அப்பா தயங்கியபோது வீட்டுக்கு வந்து சண்டை பிடித்து என்னைப் படிக்க அனுப்பியவரும் அவர்தான். நம் பிள்ளைகள் கரும்பு வெட்டியே சாக வேண்டுமா என்று கேட்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் தோழியிடம் ஒருநாள் இதைப் பற்றிச் சொன்னபோது, கேட்பது நியாயம்தான், படிக்காத வீடு எல்லாத் தெருவிலும் இருக்கிறது என்றாள்.

சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். அதற்குள் மலையில் வேலையை முடித்துத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது பஸ் நிலையத்தில் மறியல் பேச்சாகவே இருந்தது. மாமா வீடு மலைக்குப் போகும் வழியில்தான் இருந்தது. பகலில் அங்கே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம். நேராக மேலே போய்விடுவோம், நேரமாகிவிடும் என்று நான் சொன்னேன். சரிங்க என்றாள். நேரம் நிறையவே இருந்தது என்பது இருவருக்கும் தெரியும்.

வெள்ளிமலை பஸ்ஸில் சுவிட்சுகளைப் பதித்த பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு விளக்கு. இரவல் வாங்கி வந்த காற்றழுத்தமானியை நான் வைத்திருந்தேன். அடிவாரத்தில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. வளைவுகளில் பஸ் திணறி ஏற ஏற, முதலில் ஓரத்தில் ஒன்று அணைந்தது. அவள் என் கையைப் பிடித்தாள். அடுத்த வளைவில் இன்னொன்று. பக்கத்தில் கடுக்காய் மூட்டையோடு உட்கார்ந்திருந்த மலைக்கார அம்மா, விளக்கு கெட்டுப்போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். கெட்டுப்போகவில்லை, மேலே போனால் காற்று கம்மியாகும், அது இந்தப் பொட்டுக்குத் தெரியும் என்று என் தோழி அவருக்குச் சொன்னாள். அந்த அம்மா தன் காதைத் தொட்டு, எனக்கும் அடைக்கும் என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளிமலை போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. அது ஒட்டிக்கொண்ட சுவிட்ச். நாங்கள் இருவரும் சிறுபிள்ளைகள்போலச் சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

மறுநாள் பஸ் வரவில்லை. மறியல் தொடங்கிவிட்டது, கீழே மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருக்கிறார்கள் என்று சுகாதார நிலையத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். எப்படியும் இறங்கும்போது ஒருமுறை சோதிக்க வேண்டும். நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினோம். நர்ஸ் தடுத்துப் பார்த்தாள், பிறகு இட்லி கட்டிக் கொடுத்தாள்.

இறங்க இறங்க விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ஒவ்வொரு இடத்திலும் நின்று அழுத்தத்தைப் படித்தோம். ஏறும்போது அணைந்த அழுத்தமும் இறங்கும்போது எரியும் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அவ்வளவு நல்ல பலனை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மரங்கள் விலகிக் கீழ்ச் சமவெளி முழுதாகத் தெரியும் ஒரு வளைவில், கரும்புக் கொல்லைகளுக்கு அப்பால், அங்கங்கே புகை எழும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். ஓரிடத்தில் மட்டும் தடிப்பாக, கறுப்பாக இருந்தது.

"அங்க இன்னா எரியுதுங்க?" என்று கேட்டாள்.

"கரும்புத் தோக கொளுத்திக்கினு இருப்பாங்க" என்றேன்.

வெட்டு முடிந்த கொல்லையில் தோகையைக் கொளுத்துவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு கறுப்பாகவா வரும் என்றாள். ஈரத் தோகையாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த அளவைப் படித்தேன்.

அடிவாரம் தாண்டிக் கச்சிராயபாளையத்தை நெருங்கும்போது சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. வேரோடு சாயாமல் கோடாலியால் வெட்டிய மரம். வெட்டுவாயில் இன்னும் ஈரம். அதன் மேலும் சுற்றியும் நிறையப் பேர். பலகையை என் தோழி துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். எந்த ஊர், யார் வீடு என்று ஒருவர் வழிமறித்துக் கேட்டபோதே, கூட்டத்திலிருந்து மாமா என்னைப் பார்த்துவிட்டார். தலைத் துண்டை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தார். இந்த நேரத்தில் மலையில் உனக்கு என்ன வேலை என்று திட்டினார். பிறகு அவளைப் பார்த்து யார் என்று கேட்டார்.

"என்கூட வேல செய்யறவங்க மாமா. மெட்ராஸ்."

எனக்கு யோசிக்க அவகாசம் இருக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமா சந்தோஷமாக, இரண்டு பேரும் வீட்டுக்கு வாருங்கள், அத்தை சோறாக்கியிருப்பாள் என்றார்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நிதானமாக, "நான் மெட்ராஸ் இல்லீங்க" என்றாள். ஊர்ப் பெயரைச் சொன்னாள். "காலனிங்க. எங்க வூட்டுக்குப் போவணும்."

பக்கத்தில் நின்ற ஓரிருவர் பேச்சை நிறுத்தினார்கள். மாமா தரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் பக்கம் இப்பப் போவாதம்மா."

ஏன் என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார். குரலில் அதட்டல் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் திரும்பி, நாங்கள் இறங்கி வந்த மலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சாலையை விட்டு இறங்கி வயல்வரப்பில் நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் ஓடினேன். கொஞ்சதூரம் போன பிறகு காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் மாமா வந்துகொண்டிருந்தார். வழியில் ஆங்காங்கே ஆட்கள் நிற்கிறார்கள், தனியாக விட முடியாது என்று சொல்லி முன்னால் போனார்.

மீதிப் பகல் முழுக்க நடந்தோம். கரும்புக்கு நடுவே, வாய்க்கால் கரைமேல், சாலையைத் தொடாமல் கூட்டிப்போனார். இரண்டு இடங்களில் எதிரே வந்த கூட்டத்திடம், என் அக்கா பெண்ணும் அவள் சிநேகிதியும் என்று சொல்லி எங்களைக் கடத்திவிட்டார். கருகிய வாடை வர ஆரம்பித்த இடத்தில் ஒரு கால்வாய் குறுக்கே ஓடியது. மாமா இக்கரையிலேயே நின்றுவிட்டார். இதற்கு மேல் நான் வரக் கூடாது என்றார். நீயும் வராதே என்று என்னிடம் சொன்னார். நான் அவளோடு கால்வாயைத் தாண்டினேன்.

காலனியில் ஒரு வரிசைக் கூரை முழுக்க விழுந்திருந்தது. மண்சுவர் மட்டும் கறுத்து நின்றது. மறியல் கூட்டம் கொளுத்த வருவதைப் பார்த்து ஆட்கள் ஏரிப்பக்கம் ஓடியிருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய வீடும் அந்த வரிசையில்தான் இருந்தது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் வேப்பமரத்தடியில் ஓர் அண்டாவையும் இரண்டு பாய்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அம்மா எழுந்து வந்து அவள் முகத்தை, தோளை, கையைத் தடவிப் பார்த்தார், தீ அவளைத் தொட்டதுபோல. நான் தள்ளி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னைக் கவனித்தார்கள். யார் இந்தப் பெண் என்று ஒருவர் கேட்டார். அவர்கள் என்னையே கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. அவள் முந்திக்கொண்டு, என்கூட வேலை செய்கிறவர், மெட்ராஸ் என்றாள்.

அவளுடைய அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். யார் வீட்டுச் சொம்போ. வெயிலில் நடந்து வந்திருக்கிறாயே என்றார். குடித்தேன். கால்வாய்க்கு அக்கரையில் மாமா காத்துக்கொண்டிருப்பார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது சுவிட்ச் பலகை இருந்த பையை அவள் என்னிடம் கொடுத்தாள். பத்திரமாகக் கொண்டுபோங்கள், இங்கே வைக்க இடம் இல்லை என்றாள்.

மாமாவும் நானும் திரும்பினோம். அத்தை சோறு போட்டாள். பசி, சாப்பிட்டேன்.

பிறகு மரம் வெட்டியதற்காக மாமாவைப் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்தபோது இளைத்துப்போயிருந்தார். ஊரில் மாலை போட்டு அழைத்துவந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவர் தனியாக இருந்தபோது கேட்டேன்: "அன்னிக்கு அந்தப் பக்கம் போவாதன்னு சொன்னீங்களே மாமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னாங்க" என்றார்.

யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், எரிந்த பிறகா, அதற்கு முன்பா? இதெல்லாம் என் வாய்வரை வந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டு, கொல்லையில் தண்ணீர் பாய்கிறது என்று எழுந்து போய்விட்டார். அன்று வழியெல்லாம் எங்களைக் காப்பாற்றிக் கூட்டிப்போனவர் அவர். அதை நினைக்கும்போது மற்றதைக் கேட்க முடியவில்லை. மற்றதை நினைக்கும்போது இதற்கு நன்றி சொல்லவும் முடியவில்லை. அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. பாடையைத் தூக்கும்போது நான் அழுதேன், எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல்.

அவள் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். நேராக உள்ளே போய்க் கரைசலின் சூட்டைப் பார்த்தாள். வீட்டைப் பற்றிக் கேட்டேன். ஓலை போட்டிருக்கிறோம் என்றாள். எனக்கு அவள் எதிரில் நிற்பதே கூச்சமாக இருந்தது. அவளுக்கு முன்னால் வந்து தகடுகளைக் கழுவி வைப்பேன், அவளுடைய முறை வரும் நாளில் நான் நின்று வேலை செய்வேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

சோதனை முடிவுகளைக் கட்டுரையாக எழுதியபோது அவளுடைய பெயரை முதலில் போட்டு, என் பெயரைப் பின்னால் போட்டுத் தட்டச்சு செய்து மேசையில் வைத்தேன். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எம் பேர இன்னாத்துக்கு முன்னால போட்ட?"

முதல்முறையாக என்னை நீ என்று பேசினாள். அந்த மேடு அவளுடைய யோசனைதானே என்றேன்.

"அதுக்கு மட்டுந்தானா?"

நான் பேனாவின் மூடியைத் திருகினேன்.

"வேலைக்காவப் போட்டிருந்தா இருக்கட்டும். எங்க தெரு எரிஞ்சதுக்காவப் போட்டிருந்தா எடுத்துடு. உன் மனசு ஆறணும்னு எம் பேர வெக்காத."

எதற்காகப் போட்டேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அதை அப்படியே சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு பென்சிலை எடுத்து, அகர வரிசைப்படி வைத்துவிடலாம், யாருக்கும் சங்கடமில்லை என்று மாற்றி எழுதினாள். அகர வரிசையில் என் பெயர்தான் முன்னால் வந்தது. இன்றும் அந்தக் கட்டுரையை யாராவது எடுத்துக்காட்டினால் என் பெயரைச் சொல்லி, 'மற்றும் ஒருவர்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள். கடைசியில் பேராசிரியரிடம் சொல்லி, மேடு யாருடைய யோசனை என்று கட்டுரைக்குள் ஒரு வரி சேர்க்க வைத்தேன். அவள் அதைப் படித்துவிட்டு, இது சரி என்றாள்.

பலூன் பறந்த அன்று இருவரும் போயிருந்தோம். பாதி சுவிட்சுகள் ஒழுங்காக வேலை செய்தன. மீதி, தங்கப் பட்டை வெளியே வரும் இடத்தில் காற்றுக் கசிந்து வீணாகிவிட்டன. மேட்டில் ஒன்றுகூட ஒட்டவில்லை.

அதற்கடுத்த வருஷங்களில் இட ஒதுக்கீடு கிடைத்தது. என் தம்பிக்கு அதில் பொறியியல் கல்லூரியில் இடம் வந்தது. எங்கள் வீட்டில் முதல் ஆண் பட்டதாரி. ஆய்வுக்கூடத்தில் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு அவள் வந்து, தம்பிக்கு என்ன பாடம் என்று கேட்டாள். மெக்கானிக்கல் என்றேன். நல்லா படிக்கச் சொல் என்றாள். அவள் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ.

பிறகு அவள் பெங்களூரில் வேலைக்குப் போனாள். அங்கேயே கல்யாணம், குழந்தைகள். ஊரில் அப்பா அம்மாவுக்கு ஓட்டு வீடு கட்டிக் கொடுத்தாள். எப்போதாவது போனில் பேசிக்கொள்கிறோம். போனமுறை, காரக் கரைசலே இல்லாமல் சவ்வு செதுக்கும் இயந்திரம் அவர்கள் இடத்துக்கு வந்திருப்பதைப் பற்றி ஆசையாகப் பேசினாள். சுவர் செங்குத்தாக வருகிறதாம். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். வைப்பதற்கு முன்னால் வழக்கம்போல, அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள். முழங்கால் வலிதான், மற்றபடி நன்றாக இருக்கிறார் என்றேன். அம்மா அவளைப் பார்த்ததே இல்லை. ஒருமுறை வீட்டுக்கு வா என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். அம்மா அவளிடம் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும், நானும் அன்று அதைத்தான் கேட்டேன். சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன்.